விசில்காரரின் பாடவேளை

இதயத்தைப் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொன்னால் ஐந்து மதிப்பெண்ணையும் அள்ளிவிடும் பிள்ளை, தன் மணிக்கட்டில் நாடி எங்கே தட்டுப்படுகிறது என்று கேட்டால் திருதிருவென விழிக்கிறது என்றால், அந்தக் குறை பிள்ளையுடையது அன்று. இதயத்தைத் தாளில் மட்டுமே காட்டிய பள்ளியுடையது.

இதயத்துடிப்பு வீதம் என்பது ஒரு நிமிடத்தில் இதயம் எத்தனை முறை சுருங்கி விரிகிறது என்னும் கணக்கு. ஓய்வாக அமர்ந்திருக்கும் பெரியவருக்கு அது 60 முதல் 100 வரை இருக்கும். பிள்ளையின் இதயம் உருவில் சிறியது, ஒரு துடிப்பில் அது வெளியேற்றும் குருதியும் குறைவு என்பதால், அந்தக் குறையைத் துடிப்பின் எண்ணிக்கையால் ஈடுகட்டிக்கொள்கிறது. ஆகவே தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு 100ஐச் சற்றுத் தாண்டியிருந்தாலும் பெற்றோர் பதறத் தேவையில்லை. ஓடத் தொடங்கியதும் தசைகள் உயிர்வளியை மிகுதியாகக் கேட்க, நரம்புகளும் அட்ரினலின் என்னும் சுரப்பும் இதயத்தை முடுக்க, எண்ணிக்கை 150ஐயும் கடந்து செல்கிறது.

நாடியை எண்ணுவதற்கென்றே ஒரு நிமிடம் ஓடும் கடிகாரத்தைப் பற்றி இங்கிலாந்து மருத்துவர் ஜான் ஃபுளோயர் 1707இல் நூல் வெளியிட்டார். இன்றோ வகுப்பறைச் சுவர்க்கடிகாரத்தின் நொடிமுள்ளே போதும். பிள்ளைகளைச் சிறிது நேரம் அமைதியாக அமரச் செய்து, பெருவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்து, 15 நொடிகள் எண்ணி நான்கால் பெருக்கச் சொல்ல வேண்டும். பெருவிரலை வைத்து எண்ணக்கூடாது, ஏனெனில் அதிலும் ஒரு துடிப்பு உண்டு, அது கணக்கைக் குழப்பும். 22 என்றால் 88. பிறகு ஒரு நிமிடம் கயிறு தாண்டவிட்டு, நின்ற உடனே எண்ணினால் 38 வரலாம், அது 152. நின்றபின் தாமதித்தால் துடிப்பு இறங்கிவிடும். 15 நொடியில் ஒன்றைத் தவறவிட்டால் விடையில் நான்கு குறையும். பெருக்கல், சராசரி, வரைபடம், பிழை பெருகும் விதம் எல்லாம் இந்த ஒரே விளையாட்டுக்குள் அடக்கம் என்னும்போது, தேர்வு நெருங்கியதும் பி.டி. பீரியடைக் கடன் வாங்கும் கணக்கு ஆசிரியர், கடன் வாங்கியதோடு பிள்ளைகளையும் மைதானத்துக்கே அழைத்துச் சென்றால் யாருக்கு என்ன நட்டம்?

அவையில் எழும் சிரிப்பைப் பார்த்தால், அந்தக் கடன் எந்த ஊரிலும் திரும்பி வந்ததாகத் தெரியவில்லை. கடன் கொடுத்தவர் யார்? கழுத்தில் விசிலோடு, இறைவணக்கக் கூட்டத்தில் வரிசையைச் சரிசெய்யவும், ஆண்டுவிழாவில் நாற்காலி போடவும் மட்டுமே நினைவுகூரப்படும் அந்த உடற்கல்வி ஆசிரியர். வெயிலில் நின்று வெயிலிலேயே ஓய்வுபெறும் அவருக்கு இந்தக் கைதட்டல் போய்ச் சேரட்டும்.

பள்ளி நடத்துவோரில் இன்னொரு வகையினரும் உண்டு. பெயர் சொல்ல வேண்டியதில்லை, கேட்போருக்கே தெரியும். கையேட்டின் அட்டையில் பச்சைப் புல்வெளியை அச்சிட்டு, விளையாட்டுக் கட்டணத்தையும் தவறாமல் வாங்கி, நேரில் சென்று பார்த்தால் அந்த மைதானத்தில் பள்ளிப் பேருந்துகளை வரிசையாக நிறுத்தியிருப்பவர்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் அட்டவணையில் விளையாட்டுத் திடலைச் சேர்த்தபோது, அதில் பேருந்துகள் விளையாடும் என்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். நாடி எண்ணும் பாடத்தை இவர்களிடம் ஒப்படைத்தால், குறைந்த துடிப்பில் மாவட்ட முதலிடம் என்று பிள்ளையின் படத்தோடு மறுநாளே பதாகை கட்டிவிடுவார்கள்.

அந்தப் போட்டிக்குத்தான் இங்கே இடமில்லை. தொடர்ந்து உடற்பயிற்சி செய்யும் இதயம் ஒரே துடிப்பில் கூடுதல் குருதியை வெளியேற்றுவதால் ஓய்வுத்துடிப்பு குறைகிறது என்பது உண்மை. நெடுந்தொலைவு ஓட்டக்காரர் சிலருக்கு அது 50க்கும் கீழே இறங்குகிறது. ஆனால் பிள்ளைக்குப் பிள்ளை துடிப்பு இயல்பாகவே வேறுபடும்; எனவே ஒரு பிள்ளையின் எண்ணை அதே பிள்ளையின் சென்ற மாதத்து எண்ணோடு ஒப்பிடுவதே முறை. 220இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத்துடிப்பு வரும் என்னும் வாய்பாடு பெரியவர்களுக்கே தோராயமானது. சிறுவர்க்கு அது பொருந்தாது. ஓடும்போது பேச முடிந்து பாட முடியாமல் போனால் மிதமான உழைப்பு என்று கொள்ளும் எளிய அளவுகோலே அவர்களுக்கு ஏற்றது. ஓட்டத்தின் நடுவே மயங்கி விழும் பிள்ளையையும், நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்துவிடும் பிள்ளையையும் சோம்பேறி என்று திட்டாமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பதை முதலில் உணர்பவரும் அந்த விசில்காரர்தான்.

5 முதல் 17 வயது வரையுள்ளோருக்கு நாள்தோறும் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. அந்த நேரம் பள்ளியில் கிடைக்கிறதா என்று கேட்கும் இடமும் பெற்றோருக்கு உண்டு: அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்று அதே கல்வி உரிமைச் சட்டம் கூறுகிறது. அவ்வாறாயின், அடுத்த குழுக்கூட்டத்தில் பாடவேளை அட்டவணையை மேசைமேல் வைக்கச் சொல்லி, சென்ற மாதம் பி.டி. பீரியடுகள் எத்தனை நடந்தன, எத்தனை கடனாகப் போயின என்று பெற்றோரே எண்ணிக் கேட்கலாம்.