பொருத்தம் பார்த்து வாங்குவோம்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதும் ஓர் எழுத்தருக்கு ஒலிக்கருவிகளைப் பற்றிப் பேச என்ன தகுதி உண்டு என்று அன்பர்கள் ஐயுறலாம். மெட்ரிகுலேஷனுக்கு மேல் நாம் படித்தோமில்லை. கைப்பொருளை இழந்து கற்ற பாடம் ஒன்றே எமது தகுதி.

மகாகணபதி கோயில் கொண்டுள்ள இந்த ரஞ்சன்காவிலே, தொழிற்பேட்டையின் எல்ஜி ஆலையில் தொலைக்காட்சிப் பெட்டிகள் உருவாகின்றன. போனஸ் வந்ததும் அத்தகைய பெட்டியொன்று நம் காலனி வீட்டுக்கு வருகிறது. அதன் பின்னே விலையுயர்ந்த ஸ்பீக்கர்களும் வருகின்றன. திருமணத்திற்குப் பத்துப் பொருத்தம் பார்க்கும் நாம், ஸ்பீக்கருக்கும் அதனை இயக்கும் ஆம்பிளிபயருக்கும் ஒரு பொருத்தமேனும் பார்க்கிறோமா? நாம் பார்க்கவில்லை. அதன் விளைவைக் கேளுங்கள்.

மறைந்த எம் அன்னையார் ஒரு நவராத்திரிக் கொலுவிலே பாடியதைப் பதிவு செய்த கேசட் ஒன்று எம்மிடம் உண்டு. அவரது குரலில் எஞ்சியது அஃதொன்றே. 2016ஆம் ஆண்டு ஏழாவது ஊதியக் குழுவின் நிலுவைத் தொகை கைக்கு வந்தபோது, அக்குரலை நன்கு கேட்க வேண்டுமென்று உயர்ந்த ஸ்பீக்கர் இரண்டு வாங்கினோம். எஞ்சிய சிறு தொகைக்கு ஓர் ஆம்பிளிபயரும் வாங்கினோம். குடந்தையிலிருந்து எம் தந்தையார் வந்திருந்தார். பாட்டு மெலிவாக ஒலித்தது. நாம் திருகை மேலும் மேலும் திருப்பினோம். கரகரவென்றோர் ஓசை எழுந்தது. பின்னர் மேல்சுரங்களுக்கென உள்ள சிறிய ஸ்பீக்கர், ட்வீட்டர் என்பார்களே, அஃது ஓய்ந்தது. தந்தையார் எழுந்து, "சத்தம் இருக்கிறதப்பா, அவள் குரல் இல்லை" என்று கூறி உள்ளே சென்றுவிட்டார்.

பழுது எங்கே? எமது தொழிலிலிருந்தே ஓர் உவமை கூறுவோம். மும்பையிலிருந்து புனே வரும் வண்டி கர்ஜத் வரை இலேசாக ஓடிவரும். கர்ஜத்துக்கும் லோனாவளாவுக்கும் இடையே உள்ளது போர்காட் கணவாய். அங்கே 37 அடி சென்றால் ஓர் அடி ஏறவேண்டும். ஆகவே கர்ஜத்தில் பின்னாலிருந்து தள்ளுதற்கு வேறு எஞ்சின்களைப் பூட்டுவர். முன்னுள்ள எஞ்சினிடம் குறையில்லை. ஏற்றத்திற்கு அது தனித்துப் போதாது, அவ்வளவே. ஆம்பிளிபயர் எஞ்சின், ஸ்பீக்கர் அஃது இழுக்கும் பாரம்.

அப்பாரத்தை அளக்கும் எண்கள் இரண்டு. முதலாவது டெசிபல். ஒரு வாட் மின்சாரம் கொடுத்து ஒரு மீட்டர் தொலைவிலே எவ்வளவு ஒலி வருகிறது என்பது இது. ஒலி 3 டெசிபல் உயரவேண்டுமாயின் வாட் இருமடங்காக வேண்டும். 10 டெசிபல் உயரப் பத்து மடங்காக வேண்டும். எனவே 90 டெசிபல் ஸ்பீக்கர் ஒரு வாட்டில் தரும் ஒலியை, 84 டெசிபல் ஸ்பீக்கர் தருவதற்கு 4 வாட் தேவை. தவில் முழங்கும் உச்சத்தில், முன்னது 32 வாட் கேட்குமிடத்துப் பின்னது 126 வாட் கேட்கும். நாம் வாங்கியது 84. எமது ஆம்பிளிபயரோ 20 வாட்!

இரண்டாவது ஓம் என்னும் எதிர்ப்பளவு. அட்டையிலே 8 ஓம் என்றிருப்பினும் அது சுரத்துக்குச் சுரம் மாறும். சிற்சில இடங்களில் 4க்கும் 3க்கும் இறங்கும். எண் இறங்குமிடத்தில் மின்னோட்டம் மிகுதியாகத் தேவைப்படும். ஆம்பிளிபயருக்கு அதுவே போர்காட் ஏற்றம். சக்தி போதாத ஆம்பிளிபயர் ஒலியலையின் முடியை வெட்டிவிடுகிறது. அவ்வாறு வெட்டுண்ட அலையில் பெருகும் மேல்சுர ஆற்றலே ட்வீட்டரை எரிக்கிறது. பெரிய ஆம்பிளிபயர்தான் ஸ்பீக்கரைக் கெடுக்கும் என்று பலர் அஞ்சுகின்றனர். சிறியதை வருத்தினாலும் கெடும் என்பதை நாம் பணங்கொடுத்து அறிந்தோம்.

மின்னிலை ஸ்பீக்கர் என்றொரு வகை உண்டு. துளையிட்ட இரு தகடுகளுக்கிடையே மெல்லிய படலம் அதிர்ந்து ஒலிப்பது. 1957இல் இங்கிலாந்தில் பீட்டர் வாக்கர் என்பார் தமது குவாட் நிறுவனத்தின் வாயிலாக வெளியிட்டது இதில் புகழ் பெற்றது. நமது புனேயின் கேடன்ஸ் நிறுவனமும் இத்தகைய படலத்தையும் வழக்கமான கூம்பையும் இணைத்து ஸ்பீக்கர்கள் செய்தது என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி. இவ்வகையில் சுரம் உயருந்தோறும் ஓம் குறைந்துகொண்டே செல்லும். ஆதலின் எல்லா ஆம்பிளிபயரும் இதற்கு ஒத்துவாரா.

இனி, ஒலி பிறக்குமிடம். சிடி கருவி ஏறத்தாழ 2 வோல்ட் தருகிறது. இசைத்தட்டின் முள்ளோ சில மில்லிவோல்ட்டே தருகிறது. அதற்கு 'போனோ' என்னும் தனி வாயில் வேண்டும். இசைத்தட்டை வெட்டும்போது கீழ்ச்சுரங்களைக் குறைத்து மேல்சுரங்களைக் கூட்டி வெட்டுவர். அதனை மீண்டும் நேர்செய்வதும் அவ்வாயிலே. கேசட்டாயின், நாடாவைப் படிக்கும் தலை தூய்மையாகவும் கோணம் பிறழாமலும் இருத்தல் வேண்டும். ஊற்றிலே இல்லாத நீரை எந்த வாய்க்காலும் கொண்டுவராது.

ஆதலின் கடைக்குச் செல்லும் அன்பர்கள் மூன்று வினாக்களைக் கேளுங்கள். ஸ்பீக்கர் எத்தனை டெசிபல்? அதன் ஓம் எதுவரை இறங்கும்? அந்த ஓமில் ஆம்பிளிபயர் எத்தனை வாட் தரும்? நமது காலனியின் சிறிய கூடத்திற்கு, 90 டெசிபல் ஸ்பீக்கரும் நடுத்தரமான ஆம்பிளிபயரும் தாராளம். அண்டை வீட்டார் உறக்கமும் கெடாது. விரலுக்கேற்ற வீக்கம் என்பது ஒலிக்கும் பொருந்தும். நன்கு பழகிய பாட்டொன்றைக் கையோடு கொண்டு சென்று, அதனைக் கேட்டபின் பணம் கொடுங்கள்.

எமது கதையை முடித்துவிடுகிறோம். ட்வீட்டரை மாற்றினோம். 4 ஓம் பாரத்தைத் தாங்கும் பழைய ஆம்பிளிபயர் ஒன்றைத் தேடி வாங்கினோம். முதியவரான ரேடியோ மெக்கானிக் ஒருவர் கேசட் கருவியின் தலையைத் துடைத்துக் கோணத்தைச் சீர்செய்து கொடுத்தார். மறு ஆண்டு தந்தையார் வந்தார். திருகை நாம் பாதிகூடத் திருப்பவில்லை. பாட்டு முடியும்வரை அவர் பேசவில்லை. பின்னர், "நடுவிலே மூச்சு வாங்குகிறாள், கேட்டாயா?" என்றார்.

அந்நாடா தேயுமுன் கணினியிலும் படியெடுத்து வைத்துள்ளோம். உங்கள் இல்லங்களிலும் அத்தகைய குரல்கள் பெட்டிகளுக்குள் உறங்கலாம். அவற்றை முதலிலே காப்பாற்றுங்கள். பின்னர்ப் பொருத்தம் பார்த்து ஸ்பீக்கர் வாங்குங்கள்.