ஆச்சி சொன்ன ஒரு சொல்



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரே ஒரு சொல்லை. அதுவும் ஒரு சீனச் சொல்லை. திருகோணமலையில் இந்துக் கல்லூரியொன்றில் தமிழ் படிப்பிக்கும் பயிற்றப்பட்ட பட்டதாரி ஆசிரியன் நான். சீனமொழி எனக்குத் தெரியாது. ஆயினும் அம்மொழியில் ஒரு சொல் எனக்குத் தெரியும் என்று 35 ஆண்டுகளுக்கு மேலாக நம்பிக்கொண்டிருந்தேன். கஞ்சி குடிக்கும் பீங்கான் கோப்பையைக் குறிக்கும் சொல் அது. அதனை நான் கற்ற கதையையும், கற்றது பிழையென்று அறிந்த கதையையும் உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எங்கள் துறைமுகத்தின் ஒரு பகுதிக்குச் சீனக்குடா என்று பெயர். மா ஆலையும், விமானத் தளமும், பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளும் உள்ள இடம் அது. அன்றாடம் பஸ்ஸில் 'சீனக்குடா' என்று கேட்டு இறங்கி ஏறுகிறோம். அப்பெயரில் ஒரு நாடு இருப்பதை நினைப்பதில்லை. ஆனால் எங்கள் நகரத்தில் சீனர் வாழ்ந்தார்கள். கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கைக்கு வந்த சீனர்களில் ஷான்டோங் மாகாணத்தவர் பெரும்பாலும் புடைவை வியாபாரிகள். துணிமூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனவர்கள். ஹூபெய் மாகாணத்தவர் பல் கட்டும் தொழிலைக் கொண்டுவந்தவர்கள். அவர்களுள் சிலர் திருகோணமலையிலே குடியமர்ந்து, தமிழ் பேசி, இவ்வூரவராகவே ஆயினர். இந்நாட்டிலே பிறந்தும் நாடற்றவர்களாக இருந்த சீன வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்குவதற்கென ஒரு சட்டம் 2008ஆம் ஆண்டிலேதான் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அதுவரை பலருக்கு ஊர் இருந்தது, நாடு இருக்கவில்லை.

1987ஆம் ஆண்டு, எனக்கு 9 வயது. கடைவாய்ப் பல் சூத்தையாகி இரவிரவாக அழுத என்னை அம்மா சீனப் பல்லு டொக்குத்தரிடம் கூட்டிப்போனா. பல்லைப் பிடுங்கிப் பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்னார். அம்மாவுக்குக் கச்சேரியிலே ஓர் அலுவல். "ஆச்சி, இவனை ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ" என்று டொக்குத்தரின் தாயாரிடம் என்னை ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டா.

சீன ஆச்சிக்கு அப்போது எழுபது வயதிருக்கும். மணமகளாகக் கப்பலேறி வந்தவ என்பார்கள். மத்தியானமானதும் ஆறிய அரிசிக் கஞ்சியை எனக்கு ஒரு கோப்பையில் வார்த்துத் தந்தா. வெள்ளைக் கோப்பை; விளிம்பில் நீலக் கொடி ஓடியது. கஞ்சி வற்ற வற்ற அடியிலே ஒரு நீல மீன் தெரிந்தது. நான் வலியை மறந்து, "வடிவான பீங்கான்" என்றேன்.

ஆச்சி தலையை ஆட்டினா. "பீங்கான் உங்கட சொல்லு. எங்கட சொல்லு, வான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பஞ்சைக் கடித்தபடியே மேலே கையைக் காட்டி, "வான் அங்கயெல்லோ இருக்கு, ஆச்சி!" என்றேன். அவவும் சிரித்தா. ஆனால் விடவில்லை. "அப்பிடியில்ல. என்னைப் பாத்துச் சொல்லு" என்று மறுபடி சொன்னா. நானும் சொன்னேன். "அப்பிடியில்ல." இன்னொரு தரம். "அப்பிடியில்ல." அந்த வீட்டிலே என்னோடொத்த பேரப்பிள்ளைகள் இருவர் விளையாடிக்கொண்டிருந்தனர். அவர்களைக் காட்டி, "இதுகள் சொல்லாதுகள். நீயாவது சரியாச் சொல்லு" என்றா. எனக்கு அலுத்துவிட்டது. வாய்க்கு வந்தபடி ஒருமுறை கத்திவிட்டு முற்றத்துக்கு ஓடிவிட்டேன். அம்மா வந்ததும் வீட்டுக்குப் போய் எல்லோருக்கும், "எனக்குச் சீனம் தெரியும்" என்று பீற்றிக்கொண்டேன்.

அன்பர்களே, 'உங்கட சொல்லு' என்று ஆச்சி எனக்குத் தந்துவிட்ட பீங்கான், ஆராய்ந்து பார்த்தால் தமிழில் பிறந்த சொல்லன்று. அதன் மூலம் பாரசீகம் என்று தமிழ்ப் பேரகராதி காட்டும். இதே சொல்லைச் சிங்களவர் 'பிங்ஙான' என்றும் மலாயர் 'பிங்கான்' என்றும் வழங்குவர். பொருள் சீனத்திலே செய்யப்பட்டது, பெயர் பாரசீகத்திலிருந்து வந்தது, சோறு நம்முடையது.

சீனம், பாரசீகம், தமிழ் ஆகிய மூன்றும் ஒரு கல்லிலேயே கூடியிருப்பதை நீங்கள் கொழும்பு அரும்பொருட்சாலையில் காணலாம். 1911ஆம் ஆண்டில் காலி நகரில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்து கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு அது. 1409ஆம் ஆண்டுக்குரிய அக்கல்லைக் கொண்டுவந்தவர் சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தேவிநுவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி இசுலாத்தையும் போற்றுகின்றன. பொன் 1000, வெள்ளி 5000, பட்டு, வாசனை எண்ணெய் என்று மூன்று தரப்புக்கும் காணிக்கை ஏறக்குறைய ஒன்றே. தூபக்கால், பூச்சாடி, விளக்குத்தண்டு என்று வீட்டிலும் கோயிலிலும் புழங்கும் பொருள்களும் அப்பட்டியலில் உண்டு.

அதற்கும் முந்திய சான்று யாழ்ப்பாணத்து அல்லைப்பிட்டியிலே கிடைத்தது. 1977இல் அங்கு மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்ட சீன மட்கலங்களை ஆய்வாளர் ஜோன் கார்ஸ்வெல் சொங் வமிச காலத்தன என்று கணித்தார். 2018இல் சீனத் தொல்லியலாளரும் நம் நாட்டவரும் சேர்ந்து அவ்விடத்தை மீண்டும் அகழ்ந்தனர். ஏறக்குறைய 900 ஆண்டுகளுக்கு முன்னரே சீனக் கோப்பை நம் கரையில் இறங்கியிருக்கிறது. கோப்பைகள் உடைந்தும் கிடைக்கின்றன. அவற்றை இறக்கியவன் கரையிலே நின்று, "இதற்கு எங்கள் ஊரில் இன்ன பெயர்" என்று சொல்லியிருப்பானே, அந்தக் குரல் கிடைக்கவில்லை.

எல்லாச் சொற்களும் அவ்வாறு போய்விடவில்லை. காலையில் எழுந்து 'தேத்தண்ணி' கேட்கிறோமே, அதிலுள்ள 'தே' தென்சீனக் கடற்கரைப் பேச்சு. 'சாயா' என்பவர்கள் வேறொரு சீன வழக்கைச் சொல்கிறார்கள். அதில் போடும் சீனியோ அந்த நாட்டின் பெயரையே சுமந்து நிற்கிறது. மறுபுறம், சீனரின் அரிசிக் கஞ்சியை ஆங்கிலேயர் 'கொஞ்சி' என்கிறார்கள்; அது நம்முடைய கஞ்சிதான். அன்று ஆச்சியின் கையிலிருந்த கோப்பைக்குள் எங்கள் சொல்லும், கோப்பையாக அவவின் சொல்லும் இருந்தன. இதை அறியும் வயது எனக்கில்லை.

1990 யூன் மாதம் போர் மீண்டும் மூண்டது. நாங்கள் ஊரை விட்டு, மன்னார்க் கரையில் வள்ளமேறி, தமிழ்நாட்டில் மண்டபம் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே ஒரு பாடசாலையில் மத்தியானச் சாப்பாட்டு வரிசையில் நின்றபோது என்னிடம் தட்டு இருக்கவில்லை. பரிமாறிய அம்மாவிடம், "எனக்கொரு பீங்கான் தாங்கோ" என்று கேட்டேன். அவருக்கு விளங்கவில்லை. முன்னாலும் பின்னாலும் நின்ற பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். "பீங்கான் கேக்குது பாரு, ஜாடியா வேணும்?" என்றான் ஒருவன். அவர்களும் தமிழ்ப் பிள்ளைகள். நானும் தமிழ்ப் பிள்ளை. அவர்கள் கெட்டவர்களுமல்லர், அடுத்த நாள் அவர்களிலொருவனே தன் வீட்டிலிருந்து எனக்கொரு அலுமினியத் தட்டைக் கொண்டுவந்து தந்தான். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குச் சுட்டது. வீட்டிலே தாய் சொல்லித்தந்த சொல், வாசலைத் தாண்டியதும் செல்லாக்காசானதை அன்றுதான் அறிந்தேன். அதற்குப் பிறகு நான் வெளியிலே 'தட்டு' என்றே சொன்னேன். 'பீங்கான்' எங்கள் குடிசைக்குள் மட்டும் இருந்தது. அப்போதுதான் சீன ஆச்சியின் முகம் எனக்கு நினைவு வந்தது. "நீயாவது சரியாச் சொல்லு" என்று அவ ஏன் என்னைக் கெஞ்சினா என்பதும் விளங்கிற்று.

1994இல் ஊர் திரும்பினோம். டொக்குத்தர் வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். ஆச்சி காலமாகிவிட்டா என்றும், பிள்ளைகள் கொழும்புக்குப் போய் அங்கிருந்து வெளிநாடு போய்விட்டார்கள் என்றும் அயலவர் சொன்னார்கள். என்னிடம் மிஞ்சியது அந்தச் சொல் மட்டுமே. ஆசிரியனான பின் பிறமொழிச் சொற்களைப் படிப்பிக்கும் பாடத்திலே ஒவ்வோராண்டும் அதைக் கரும்பலகையில் எழுதி, "வான் என்றால் சீனத்தில் பீங்கான் கோப்பை" என்று பெருமையோடு சொல்லிவந்தேன்.

சென்ற ஆண்டு தைப்பொங்கலுக்கு ஊர் வந்திருந்த பழைய மாணவன் ஒருவன் என் வீட்டுக்கு வந்தான். கொழும்பில் சீனமொழி கற்று, மொழிபெயர்ப்பாளனாக வேலை செய்பவன். அவன் முன்னால் நான் என் சொல்லை எடுத்துவிட்டேன். அவன் சற்று யோசித்து, "சேர், இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றான். சொன்னேன்.

"நீங்கள் சொல்லுறது குடா, சேர்."

"என்ன குடா?"

"சீனக்குடா எண்டுறமே, அந்தக் குடா."

பின்னர் அவன் விளக்கினான். இன்றைய பொதுச்சீனத்தில் ஒவ்வோர் அசையையும் நான்கு விதக் குரலில் சொல்லலாம். குரல் மாறினால் பொருளும் மாறும். 'வான்' என்பதை உயர்த்தி நேரே பிடித்தால் குடா. மேலேற்றிச் சொன்னால் விளையாடு. தாழ்த்தி வளைத்துச் சொன்னால் கோப்பை. வெட்டி இறக்கினால் பத்தாயிரம். நன்னூலார் எழுத்துகளின் பிறப்பைக் கூறுமிடத்து எடுத்தல், படுத்தல், நலிதல் என்று குரலின் முயற்சியைப் பகுத்திருக்கிறார். 20 ஆண்டுகளாக அதைப் படிப்பித்தவன் நான். குரலே பொருளாகும் ஒரு மொழி அடுத்த வீட்டில் இருந்தபோது என் காது அதைக் கேட்கவில்லை.

நான் முயன்றேன். "அப்பிடியில்ல, சேர்" என்றான். மறுபடியும், "அப்பிடியில்ல, சேர்." ஏழெட்டு முறைக்குப் பிறகு அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மன்னியுங்கோ, சேர்" என்று வாயைப் பொத்திக்கொண்டான். "சிரி தம்பி, நானும் ஒருக்காச் சிரிச்சனான்" என்றேன். அவனுக்கு விளங்கியிராது.

கடைசியில் ஒருவாறு சரியாக வந்தது. "இனி, அந்த ஆச்சி சொன்ன மாதிரிச் சொல்லிட்டன், என்ன?" என்று கேட்டேன். "அவ எந்தப் பக்கம், சேர்?" என்றான். ஹூபெய் என்றேன். அவன் தயங்கினான். "அங்கத்தைப் பேச்சில ராகம் வேற, சேர். நான் படிச்சது பொதுமொழி. அவ எப்பிடிச் சொன்னாவெண்டு அவ வாயாலதான் கேட்டிருக்க வேணும்."

அன்பர்களே, வ், ஆ, ன் என்னும் ஒலிகளை என் தமிழெழுத்து 35 ஆண்டுகளுக்கு மேல் பத்திரமாகக் காத்துத் தந்தது. அது எழுத்தின் கடமை, அதைச் செய்தது. ஆச்சியின் குரலைக் காத்திருக்க வேண்டியது என் காது. மூன்றாம் முறை 'அப்பிடியில்ல' என்றபோது, இன்னும் ஒரு நிமிடம் அந்தத் திண்ணையிலே நான் இருந்திருக்கலாம்.

இப்போது தரம் பத்துப் பிள்ளைகளுக்கு நான் ஒரு வேலை கொடுப்பதுண்டு. வீட்டில் ஆக மூத்தவரிடம் போய், குசினியிலுள்ள ஒரு பொருளின் பெயரைக் கேட்டு, அவர் சொல்வதுபோலவே வகுப்பில் சொல்ல வேண்டும். சிரட்டை, நீத்துப்பெட்டி, மூக்குப்பேணி என்று அம்மம்மாமாரின் சொற்கள் வகுப்புக்கு வருகின்றன. பிள்ளைகள் சிரிக்கத்தான் செய்கிறார்கள். சிரித்த பிள்ளையையே எழுப்பி, அதே சொல்லைத் திருப்பிச் சொல்ல வைப்பேன், சரியாக வரும்வரை.

சென்ற கிழமை ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "சேர், மறந்து போயிடும். எழுதிக்கொண்டு வரட்டோ?"

"எழுது பிள்ளை. ஆனா முதல்ல அம்மம்மாவுக்குப் பக்கத்தில இருந்து கேள். அவ 'சரி' எண்டு சொன்ன பிறகு எழுது" என்றேன்.