சிறுவர் சொல் அம்பலம் ஏறுமா?



“ஏழை சொல் அம்பலம் ஏறாது” என்பது பழமொழி. ஏழை சொல்லினும் எளிதாகத் தள்ளப்படுவது ஒன்று உண்டு. அது சிறுவர் சொல். “பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே” என்கிறது வீடு. “கையைக் கட்டு, வாயைப் பொத்து” என்கிறது பள்ளி.

1989ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை குழந்தை உரிமை உடன்படிக்கையை ஏற்றது. 1992இல் இந்தியாவும் அதில் இணைந்தது. தம்மைப் பற்றிய செய்திகளில் கருத்துச் சொல்லக் குழந்தைகளுக்கு உரிமை உண்டு என்றும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதனை மதித்தல் வேண்டும் என்றும் அதன் 12ஆம் பிரிவு கூறுகிறது. இப்பிரிவைக் கரும்பலகையில் எழுதி, “பேசாமல் மனப்பாடம் செய்யுங்கள்” என்றால், அங்கே கற்பிக்கப்பட்டது உரிமை ஆகுமா? நீந்தக் கற்பிக்க நீர் வேண்டும். உரிமையைக் கற்பிக்க உரிமையே வேண்டும்.

இதனைச் செய்து காட்டியவர் யானுஸ் கோர்ச்சாக் என்னும் போலந்து நாட்டு மருத்துவர். 1912 முதல் வார்சா நகரில் யூதக் குழந்தைகளின் அனாதை இல்லம் ஒன்றை அவர் நடத்தினார். அங்கே ஒரு நீதிமன்றம் இருந்தது. நீதிபதிகள் சிறுவர்களே, அந்த வாரத்தில் வழக்கு இல்லாதவர்களிலிருந்து ஐவரைச் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். அதன் சட்டமோ மன்னிப்பில் தொடங்குவது. கடுந்தீர்ப்புகள் கடைசியிலேதான் வரும். ஆசிரியர் மீதும் வழக்குத் தொடரலாம். கோர்ச்சாக்கே அரையாண்டில் ஐந்து முறை அம்மன்றத்தின் முன் நின்றார். அவற்றுள் ஒன்று, ஒரு சிறுவனின் காதில் அறைந்ததற்காக! இதனால் அவர் மதிப்புக் குறைந்ததா? இல்லை. தம்மை நல்லாசிரியர் ஆக்கியவை அவ்வழக்குகளே என்று அவர் எழுதினார். 1942 ஆகஸ்டில் நாஜிகள் அக்குழந்தைகளை ட்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு அனுப்பியபோது, அவர்களைப் பிரிய மனமின்றி உடன்சென்று மாண்டார். குழந்தை உரிமைக்கு ஓர் உடன்படிக்கை வேண்டுமென 1978இல் முன்மொழிந்த நாடும் அவருடைய போலந்தே.

நம் தொடக்கப்பள்ளிக்கு நீதிமன்றம் வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு பாடவேளை போதும். பிள்ளைகள் வட்டமாக அமர்ந்து, ஒருவர் பேச மற்றவர் கேட்கட்டும். கழிவறைக்குத் தாழ்ப்பாள் இல்லாமையால் பகலெல்லாம் தண்ணீர் குடியாதிருக்கும் மூன்றாம் வகுப்புச் சிறுமியின் துன்பம் எந்தப் பதிவேட்டிலும் இராது. அவள் சொன்னால்தான் தெரியும். சொன்ன பின், தாழ்ப்பாள் எந்த நாளில் வரும் என்று தலைமையாசிரியர் அவளிடம் கூறுதல் வேண்டும்.

“கேட்டதையெல்லாம் கொடுத்தால் பிள்ளை கெட்டுப்போகாதா?” எனச் சிலர் வினவுவர். கேட்டதையெல்லாம் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கேட்டதற்கெல்லாம் விடை கொடுக்க வேண்டும் என்கிறேன். தினமும் விளையாட்டுப் பாடவேளையே வேண்டுமென்றால் “இயலாது” எனலாம். ஏன் இயலாது என்பதையும் உடன் சொல்லவேண்டும். காரணம் கேட்டு வளரும் பிள்ளை, தானும் காரணம் சொல்லிப் பழகும். தன் முறைக்குக் காத்திருக்கவும், பிறர் உரிமையை மதிக்கவும் கற்கும். பணிவு என்பது இதுவன்றோ?

உங்களிற் பலர் நாளை ஆசிரியராகவும் பெற்றோராகவும் ஆவீர்கள். அதுவரை காத்திருக்க வேண்டா. இன்று மாலை உங்கள் தம்பியோ தங்கையோ பள்ளியில் நடந்ததைச் சொல்ல வந்தால், சொல்லி முடிக்கும் வரை கேளுங்கள்.