நாடகத்து நஞ்சும் நாமறிய வேண்டிய உண்மையும்



இரவு உணவு முடிந்ததும் நம் காலனி வீடுகளில் தொலைக்காட்சிக் கொலை நாடகங்கள் தொடங்கிவிடுகின்றன. கொடியவன் பாலில் ஒரு துளி கலக்கின்றான்; குடித்தவர் மறுகணமே நெஞ்சைப் பற்றிச் சாய்கின்றார். இது நடக்கக் கூடியதா என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

'பிரேக்கிங் பேட்' என்னும் அமெரிக்கத் தொடரில் ரிசின் என்ற நஞ்சு வருகின்றது. அது நம் ஆமணக்கு விதையில் உள்ளதே. அங்ஙனமாயின் பாட்டிமார் புகட்டிய விளக்கெண்ணெய் நம்மை ஏன் கொல்லவில்லை? ரிசின் ஒரு புரதம்; எண்ணெயோடு சேராது பிண்ணாக்கில் தங்கும்; வெப்பத்தில் அழியும். 1978 செப்டம்பரில் லண்டனில் பல்கேரிய எழுத்தாளர் கியோர்கி மார்க்கோவின் தொடையில் பாய்ந்த நுண்ணிய குண்டில் இந்நஞ்சே இருந்ததென வல்லுநர் முடிவு செய்தனர். அவரும் உடனே மாளவில்லை; நான்கு நாள் கழித்தே உயிர் நீத்தார். நஞ்சு மெய், வேகம் பொய்.

கதை உயிர் காத்ததும் உண்டு. அகதா கிறிஸ்டி 1961இல் எழுதிய 'தி பேல் ஹார்ஸ்' என்னும் புதினம் தாலிய நஞ்சின் குறிகளைப் பிழையின்றிக் கூறுகின்றது. முடி உதிர்தல் அவற்றுள் ஒன்று. 1977இல் லண்டன் மருத்துவமனையில் கத்தார் நாட்டுக் குழந்தை ஒன்றின் நோய் புலப்படாது மருத்துவர் திகைத்தபோது, அந்நூலைப் படித்துக்கொண்டிருந்த செவிலி தாலியமோ என ஐயுற்றார். சோதனையில் அதுவே உறுதியாயிற்று. வீட்டில் பூச்சி, எலி ஒழிக்க வைத்த மருந்தே காரணம். குழந்தை பிழைத்தது.

அன்பர்களே, நாடகத்தின் பெருந்தீங்கு யாதெனில், நஞ்சு உடனே கொல்லும் என்று நம்மை நம்பச் செய்வதே. எலிப் பசையிலுள்ள மஞ்சள் பாஸ்பரஸ் முதலில் வயிற்றைக் கலக்கும். பின் ஓரிரு நாள் நலமானது போலத் தோன்றும். அதன்பின்னரே ஈரலைக் கெடுக்கும். "ஒன்றும் ஆகவில்லையே" என்று காத்திருப்பதால் இழக்கும் காலம் மீளாது.

ஆகவே, ஐயம் எழுந்தவுடன் மருத்துவமனைக்கு விரையுங்கள். உப்புநீர் புகட்டி வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். மருந்துப் பெட்டியைக் கையோடு கொண்டு செல்லுங்கள். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் தேசிய நஞ்சுத் தகவல் மையம் 1995 முதல் இயங்குகின்றது. மருத்துவரும் மக்களும் அதனிடம் அறிவுரை பெறலாம்.

நாடகத்தைக் கண்டு களியுங்கள். எலிப் பசையைக் குழந்தை கைக்கு எட்டாது வையுங்கள்.