செந்தட்டியும் திசைகாட்டியும்
(மூத்த குடிமக்கள் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் மேடைப் பேச்சாளன் இல்லை. பி.காம். படித்துவிட்டு 34 வருடம் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தவன். ஜூன், ஜூலையில் நம்மில் பலர் பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகிறோம். "போன வருடம் இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்லுங்கள் சார், மற்றவர்களுக்கு உதவும்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். அதனால் பேசுகிறேன்.

என் மகள் லண்டனுக்குத் தெற்கே சர்ரே பகுதியில் இருக்கிறாள். மாப்பிள்ளைக்கும் பதினொரு வயதுப் பேரனுக்கும் ஓரியன்டீரிங் என்றால் உயிர். கையில் ஒரு வரைபடம், ஒரு திசைகாட்டி. காட்டுக்குள் ஆங்காங்கே ஆரஞ்சும் வெள்ளையுமாகச் சிறு கொடிகள் தொங்கும். அவற்றை வரிசைப்படி கண்டுபிடித்து, விரலில் மாட்டிய மின்னணுச் சில்லில் பதிவு செய்துகொண்டு முடிவிடத்துக்கு வர வேண்டும். 1897-இல் நார்வேயில் பொதுமக்களுக்கான முதல் போட்டி நடந்தது. இன்றும் ஸ்வீடனில் ஒவ்வொரு ஜூலையும் ஓ-ரிங்கன் என்ற பெரிய போட்டி நடக்கிறது. எட்டு வயதுக் குழந்தையும் வரும், எண்பது வயதுப் பாட்டியும் வருவார்.

ஜூலை மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நானும் பேரனும் ஜோடியாக மூன்று கிலோமீட்டர் பாதை ஒன்றில் இறங்கினோம். மாப்பிள்ளை தனியாக நீண்ட பாதையில் ஓடினார். "தாத்தா, முழுக்கால் பேண்ட் போடணும்னு போட்டிருக்காங்க" என்று பேரன் முதல் நாளே சொன்னான். வெயில் காலம்தானே என்று முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கும் அரைப்பேண்ட்டோடு போனேன்.

மூன்றாவது கொடி வரை சிக்கல் இல்லை. நான்காவதுக்கு நேராகப் போனால் 400 மீட்டர், பாதையைச் சுற்றினால் 700 மீட்டர். நடுவில் வரைபடம் வெள்ளையாக இருந்தது. வெள்ளை என்றால் தடையில்லாமல் ஓடக்கூடிய காடு. "300 மீட்டர் லாபம்டா" என்றேன். "தாத்தா, பாதையிலேயே போலாம்" என்றான். நான் கேட்கவில்லை.

ஐம்பதடி போனதும் பிராக்கன் என்ற பெரணிச்செடி என் தலைக்கு மேல் நின்றது. கீழே பிளாக்பெர்ரி முட்கொடி காலைப் பின்னியது. பேரன் இரண்டடி முன்னால் போனால் கண்ணுக்குத் தெரியவில்லை. அதைத் தாண்டி ஓர் இடிந்த சுவர். அதன் ஓரத்தில் இடுப்புயரம் வளர்ந்த நெட்டில். நம்மூர் செந்தட்டி மாதிரி. குடும்பம் வேறு, குணம் ஒன்று. நீலகிரியில் தொட்டால் எரியும் ஒரு செடி உண்டே, அது இதற்கு நெருங்கிய சொந்தம்.

அந்தச் செடியின் மயிரிழைகளின் நுனி கண்ணாடி போன்றது. பட்டதும் நுனி ஒடிந்து, ஊசிபோல் தோலில் இறங்கி, ஹிஸ்டமின் முதலான ரசாயனங்களைச் செலுத்திவிடும். என் இரண்டு கெண்டைக்காலும் தடித்துத் தீயாக எரிந்தன. பேரன் கையிலும் பட்டது. அவன் அழவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டான். அதைப் பார்த்ததும் எனக்குப் போதும் என்றாகிவிட்டது.

எப்படியோ பாதைக்கு வந்து, நேரே கார் நிறுத்துமிடத்துக்கு நடந்து, மரத்தடியில் உட்கார்ந்து மகள் கட்டிக் கொடுத்த தயிர்சாதத்தைப் பிரித்துச் சாப்பிட்டோம். முடிவிடத்துக்குப் போகவில்லை. பாதியில் விட்டவனுக்கு அங்கே என்ன வேலை என்று நினைத்தேன். போனும் பூட்டிய காருக்குள்.

ஒரு மணி நேரம் கழித்து மாப்பிள்ளை ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது. கிளம்பியவர்களில் இரண்டு பேர் திரும்பவில்லை என்று கணக்கு நின்றிருக்கிறது. அவரும் இன்னும் மூன்று பேரும் எங்களைத் தேடிக் காட்டுக்குள் போயிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் என் வயதுப் பெண்மணி. எங்கள் தடத்திலேயே அந்தச் சுவரோரம் தேடியவர். இரண்டு முன்கைகளும் சிவந்து தடித்திருந்தன. கோபிக்கவில்லை. "நீங்கள் நலமாக இருப்பதே போதும். அடுத்த முறை எங்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள்" என்றார். மாப்பிள்ளை, "பரவாயில்லை மாமா" என்று மட்டும் சொன்னார். கால் எரிச்சல் மறுநாள் போய்விட்டது. இது போக நாளானது.

மாலையில் ஒரு ரூபாய் டேலி ஆகவில்லை என்றால் மொத்தக் கிளையும் உட்கார்ந்து தேடும். அப்படி எத்தனை இரவு நான் உட்கார்ந்திருக்கிறேன்! அங்கே அந்த ஒரு ரூபாய் நானே.

அதன் பிறகு மாப்பிள்ளையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலாவது, வரைபடம். பச்சை அடர அடர நடப்பது கடினம். கரும்பச்சைக்குள் நுழையவே கூடாது. பச்சைக் கோடுகள் இருந்தால் கீழே புதர். ஆனால் பல காடுகளை இலையுதிர்ந்த மாதங்களில் அளந்து வரைகிறார்கள். ஜூலையில் ஆளுயரம் வளரும் பெரணி அப்போது காய்ந்து கிடக்கும். ஆகவே கோடையில் வெள்ளையைக்கூட முழுதாக நம்பக் கூடாது. பாதை இருந்தால் சுற்றினாலும் பாதையே. 700 மீட்டர் எங்களுக்குப் பத்து நிமிடம். 400 மீட்டரில் நாற்பது நிமிடம் தொலைத்தோம்.

இரண்டாவது, இடம். நெட்டிலுக்குச் சத்துள்ள மண் பிடிக்கும். இடிந்த வீடு, பழைய தொழுவம், ஓடைக்கரை என்றால் முன்கூட்டியே விலகிப் போகலாம்.

மூன்றாவது, உடை. முழுக்கால் பேண்ட், அதன் மேல் இழுத்துவிட்ட நீளமான காலுறை. இது வெறும் எரிச்சலுக்காகச் சொன்ன விதி அல்ல. 1950, 60-களில் ஸ்வீடனில் இந்த விளையாட்டுக்காரர்கள் நூற்றுக்கணக்கானோருக்கு மஞ்சள்காமாலை பரவியது. முட்கீறலில் வந்த ரத்தம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போனதுதான் காரணம் என்று கருதினார்கள். காலை மூட வேண்டும் என்ற விதி அதையொட்டி வந்தது. வீடு திரும்பியதும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கே அதனால் லைம் என்ற நோய் வரும்.

நான்காவது, பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள், சொறியாதீர்கள். சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, ஈரத்துணி வையுங்கள். டாக் என்ற அகல இலையைத் தேய்ப்பது அந்த ஊர்ப் பாட்டி வைத்தியம். மூச்சுத் திணறலோ முகவீக்கமோ வந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

ஐந்தாவது, கழுத்தில் ஒரு விசில். வழி தவறினால் ஒரு நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊத வேண்டும்.

கடைசியாக, பாதியில் விட்டாலும் முடிவிடத்துக்குப் போய்ப் பெயரைச் சொல்லியாக வேண்டும். ஓடி முடிப்பது அவரவர் விருப்பம். சொல்லிவிட்டுப் போவது கட்டாயம்.

இரண்டு வாரம் கழித்து மீண்டும் போனோம். முழுக்கால் பேண்ட். வழியைப் பேரன் தேர்ந்தெடுத்தான், நான் பின்னால் நடந்தேன். எல்லாக் கொடியும் கிடைத்தன. கடைசிக்கு முந்தின இடம். முடிவிடத்தில் அதே பெண்மணி பட்டியலோடு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு இரண்டு டிக் போட்டார். டேலி ஆயிற்று.

நம் குடியிருப்பிலும் நடைப்பயிற்சிக்குப் போகிறோம். வழியில் கோயிலுக்கோ நண்பர் வீட்டுக்கோ திரும்பிவிட்டால் வீட்டுக்கு ஒரு போன் செய்துவிடுவோம். நமக்காக யாரும் முள்ளில் இறங்க வேண்டாம்.