விஜயும் எங்கள் அண்ணாவியாரும்



இலக்கிய நிகழ்ச்சியில் டெனிஸ் பற்றிப் பேச வந்திருக்கிறான் இவன் என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். நியாயம்தான். மன்னார்த் தீவின் வடகரையில் பிறந்து வளர்ந்த நான் எங்கள் ஊரில் ஒரு டெனிஸ் மட்டையைக் கண்ணால் கண்டவனல்லன். எங்களுக்கு உதைபந்து, அதை விட்டால் கரப்பந்து. காலடியில் மணல், நாலு பக்கமும் பனை, இடையிடையே மைதானத்தின் நடுவில் வந்து அசையாமல் நிற்கும் கழுதைகள். ஆனால் தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் கப்பல் ஓடிய காலத்தில், சென்னைப் பத்திரிகைகள் அட்டை கிழிந்த நிலையிலாவது எங்கள் கைக்கு வந்து சேரும். அவற்றில்தான் விஜய் அமிர்தராஜ் என்ற உயரமான மனிதரின் படத்தை முதலில் பார்த்தேன். சென்னைப் பையன், லொயோலாவில் படித்தவன், உலகத்துப் பெரிய ஆட்டக்காரரோடு மல்லுக்கு நிற்கிறான் என்றால் எங்களுக்கு வேறென்ன வேண்டும்?

டெனிஸுக்குப் போகுமுன் ஒரு பழைய புலவரை நினைவூட்டிவிடுகிறேன். தொடித்தலை விழுத்தண்டினார். இது அவருடைய இயற்பெயர் அன்று. முதியவர் ஊன்றும் பூண் கட்டிய தடியைப் பற்றி அவர் பாடிய சொல்லே அவருக்குப் பெயராகிவிட்டது. புறநானூற்றில் உள்ள அந்தப் பாட்டிலே ஒரு கிழவர், மருதமரக் கிளையிலிருந்து ஆழமான நீரில் குதித்து, கரையில் நின்றவர்கள் வியக்க அடி மணலை அள்ளி வந்த தன் இளமையை நினைத்து ஏங்குகிறார். இப்போது இருமலுக்கு நடுவே இரண்டொரு சொல்தான் வருகிறது. முத்துக்குளித்த கடலின் கரையில் பிறந்தவனுக்கு அந்த மணல் சாதாரண மணல் அல்ல. ஆனால் எனக்கு நெடுநாளாக ஒரு குறை. அந்தக் கிழவர் எப்போதாவது ஒரு நாள், தடியை எறிந்துவிட்டு மறுபடியும் குதித்திருந்தால்? மணலோடு மேலே வந்துமிருந்தால்? அதைப் புலவர் பாடவில்லை. அதைப் பற்றித்தான் நான் பேசப் போகிறேன்.

விஜய் 1953 டிசம்பரில் சென்னையில் பிறந்தவர். சின்ன வயதில் சுவாச நோயாளி. உடம்பு தேறட்டும் என்றுதான் தாயார் அவரை டெனிஸில் சேர்த்தார். 1973இல், பத்தொன்பது வயதில், விம்பிள்டன் காலிறுதி வரை போய், அந்த ஆண்டு கிண்ணத்தை வென்ற செக் நாட்டு யான் கோடெஷிடம் ஐந்து செட் ஆடித் தோற்றார். சில வாரங்களில் அமெரிக்கத் திறந்த போட்டி. அங்கே ரொட் லேவரை வென்றார். லேவருக்கு அப்போது வயது 35. ஒரே ஆண்டில் நான்கு பெரும் பட்டங்களையும் இருமுறை வென்ற மனிதர் அவர். ஒரு சென்னைப் பையனின் கையால் வெளியேறினார். அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. காலிறுதியில் விஜயின் எதிரே வந்து நின்றவர் கென் ரோஸ்வோல். வயது 38. அந்தக் கிழவர் பையனை வென்றுவிட்டார். மறு ஆண்டும் அதே இடம், அதே காலிறுதி, ரோஸ்வோலுக்கு இப்போது 39, மறுபடியும் விஜய்தான் தோற்றார். முதுமை என்பது மேலே ஏறிச் செல்லும் வழியில் இளைஞன் தாண்டிப் போகும் ஒரு மைல்கல் என்று அவர் அதுவரை நினைத்திருந்தாரோ என்னவோ, அந்த இரண்டு ஆண்டுகளில் அந்த மைல்கல் எழுந்து நின்று பந்தைத் திருப்பி அடித்தது.

அமிர்தராஜ், போர்க், கொனர்ஸ் என்று மூவரின் முதலெழுத்தையும் சேர்த்து, டெனிஸின் ஏ, பி, சி என்று அந்நாட்களில் எழுதினார்கள். 1974இல் அமெரிக்காவில் போர்க்கை விஜய் வென்றதும் உண்டு. அந்த ஆண்டே டேவிஸ் கிண்ண இறுதிக்கு இந்தியா வந்தது. எதிரணி தென்னாபிரிக்கா என்பதால், நிறவெறியை எதிர்த்து, ஆடாமலே விட்டுக்கொடுத்தது. சரியான முடிவு. ஆனால் இருபது வயது ஆட்டக்காரனுக்கு அது என்ன விலை என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிறகு 'பி'யும் 'சி'யும் எங்கேயோ போய்விட்டன. 'ஏ' பின்தங்கியது. 1979 விம்பிள்டனில் போர்க்குக்கு எதிராக இரண்டுக்கு ஒன்று என்று முன்னிலை, தோல்வி. 1981 காலிறுதியில் கொனர்ஸுக்கு எதிராக முதல் இரண்டு செட்டும் கையில், தோல்வி. கொல்லும் வெறி அவரிடம் இல்லை என்றார்கள். 1983இல் ஜேம்ஸ் பொண்ட் படத்தில் நடித்தபோது, இனி இவர் நடிகர்தான் என்றும் எழுதினார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். தரவரிசையும் அதைத்தான் சொன்னது.

1984 ஆகஸ்டில், அமெரிக்காவின் சின்சினாட்டியில், முதற்சுற்றில் அவருக்கு எதிராக வந்தவர் ஜோன் மெக்கன்ரோ. அந்த ஆண்டு மெக்கன்ரோ 82 ஆட்டங்களில் வென்று, மூன்றில் மட்டுமே தோற்றார். ஒன்று பாரிஸ் இறுதியில் லென்டிலிடம். ஒன்று டேவிஸ் கிண்ணத்தில் ஒரு சுவீடன் வீரரிடம். மற்றது சின்சினாட்டியில், விஜயிடம். முப்பது வயதில்!

இங்கே நான் எங்கள் அண்ணாவியாருக்கு வரவேண்டும்.

எங்கள் ஊரில் கோயில் திருநாளை ஒட்டி நாட்டுக்கூத்துப் போடுவது வழக்கம். அவர் முப்பது ஆண்டுகள் ராஜா வேடம் கட்டியவர். அவருடைய விருத்தம் காற்று வளமாக இருந்தால் அடுத்த ஊருக்குக் கேட்கும் என்பார்கள். குரல் உடைந்த பிறகு, கொப்பி பார்க்கிறவரின் பக்கத்தில் குந்தியிருப்பார். 1979இல் ராஜா வேடம் கட்டிய பெடியன் நடுச்சாமத்தில் கொலு வரவிலேயே தடுமாறிவிட்டான். மத்தளம் அடிக்கிறது, தரு வரவில்லை. இருந்த இடத்திலிருந்தபடியே அண்ணாவியார் எடுத்தார் பாருங்கள்! பழைய குரல் முழுதாக, ஒரு கீறல் இல்லாமல். மணலில் படுத்துத் தூங்கிய பிள்ளைகள் எழும்பிவிட்டார்கள். விடியும்வரை ஊர் அதையே பேசியது.

அடுத்த ஆண்டு அவர் என்னிடம் வந்தார். அப்போது கூத்து ஒழுங்குகள் என் பொறுப்பில். "தம்பி, இந்த முறை ராஜாவை நான் கட்டுறன்" என்றார். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த ஒரு இரவு என் காதுக்குள் இருந்தது. ஒத்திகையில் குரல் போகப் போக இறங்குவது தெரிந்தும், மேடையில் வந்துவிடும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். மேடையில் வரவில்லை. இரண்டாம் விருத்தத்தில் நின்றுவிட்டார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். முடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அவர் இறங்கிப் போனதை மறக்க முடியவில்லை. பிறகு கூத்துக்கொட்டகைப் பக்கம் அவர் வரவேயில்லை. பிழை அவருடையது அல்ல. ஒரு மின்னலைப் பார்த்துவிட்டு, மழைக்காலம் திரும்பிவிட்டது என்று நம்பியவன் நான்.

இப்படிப்பட்ட மின்னலை அதிர்ஷ்டம் என்று தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சேர்வ் போட்டுவிட்டு வலைக்கு ஓடி, பந்து தரையைத் தொடுமுன் அடிப்பது விஜயின் ஆட்டம். அதற்குக் கால் வேண்டும். கால்தான் முதலில் வயதாகும். கை பிந்தித்தான் வயதாகும். கால் ஒரு நாள் மறந்துபோய் இளமையாக இருந்தால், கை ஆயத்தமாக இருக்கிறது. சங்கடம் என்னவென்றால், எந்த நாள் என்று ஆட்டக்காரனுக்கும் தெரியாது; அவனை ஆடவிடுகிறவனுக்கும் தெரியாது.

1987 மார்ச்சில் டில்லியில் ஆர்ஜென்டீனாவுடன் டேவிஸ் கிண்ண முதற்சுற்று. அணித் தலைவரும் விஜய்தான். எதிரே மார்ட்டின் ஹைட்டே, ஏறத்தாழப் பதினொரு வயது இளையவர். முதலிரண்டு செட்டும் போயின. தோற்றிருந்தால் இந்தியா அந்த ஆண்டு முதற்சுற்றோடு முடிந்திருக்கும். மூன்றாவதை எடுத்தார். நான்காவதை எடுத்தார். ஐந்தாவதில் தளர்ந்தவர் இளையவர்தான். இந்தியா மூன்றுக்கு இரண்டு என்று வென்றது. அக்டோபரில் சிட்னியில், கடைசி ஆட்டத்தில் ரமேஷ் கிருஷ்ணன் வொலி மசூரை வீழ்த்த, அவுஸ்திரேலியாவும் போனது. டிசம்பரில் கோத்தன்பர்க் இறுதி. சுவீடன்காரர்கள் உள்ளரங்கில் களிமண் தளம் போட்டு வைத்திருந்தார்கள். 34 வயது நிறைந்து சில நாட்களேயான விஜய்க்கு அந்தத் தளத்தில் எந்த மின்னலும் வரவில்லை. ஐந்துக்குப் பூச்சியம். 2024இல் அமெரிக்காவின் நியூபோர்ட்டில் உள்ள டெனிஸ் புகழ் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தபோது, லியாண்டர் பயஸும் உடன் சேர்க்கப்பட்டார். சென்னையில் விஜய் தொடங்கிய பயிற்சித் திட்டத்தில் வளர்ந்த பிள்ளை அவர்.

டில்லிச் செய்தி எங்களுக்கு வந்தது திருச்சி வானொலியில். கடலுக்குப் போக முடியாத நாட்கள் அவை. இருட்டினால் யாரும் வெளியே நடமாடமாட்டார்கள். பற்றரி மிச்சம் பிடிக்கச் செய்திக்கு மட்டும் ரேடியோவைப் போடுவோம். அண்ணாவியார் எங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்து, போக வழியில்லாத கடலுக்காக வலை பொத்திக்கொண்டிருந்தார். அவருக்கு டெனிஸ் தெரியாது. "என்ன தம்பி சொல்லுறான்?" என்று கேட்டார். சொன்னேன். இரண்டு செட் பின்னால் நின்று வென்ற கதையை, கூத்துக் கதை சொல்வதுபோலக் கொஞ்சம் கூட்டியும் சொன்னேன்.

கையை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆளுக்கு என்ன வயசாம்?"

"முப்பத்து மூன்று, அண்ணாவியார்."

"சின்னப் பெடியன்" என்றார். ஏழு ஆண்டுகளுக்குப் பின் அவர் என்னோடு சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான். பிறகு ரேடியோவை நிற்பாட்டச் சொன்னார், பற்றரி போய்விடும் என்று.