மார்கழிக் காலையும் மழலையும்



மார்கழி, தையில் விடிந்தும் நம்மூரில் குளிர் விடுவதில்லை. இரண்டு வயதுப் பிள்ளையைப் போர்வைக்குள் உட்காரவைத்து, செல்போனைக் கையில் கொடுத்துவிடுகிறோம். ஒரு வயதில் திரையே வேண்டாம், இரண்டு வயதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது.

வேறென்ன செய்வது? வெயில் ஏறியதும் வாசலில் உட்காருங்கள். நீங்கள் மொச்சைக்காய் உரியுங்கள். தோலைக் கூடையில் போடுவது பிள்ளையின் வேலை. என் பேத்திக்கு அதுதான் விளையாட்டு. கொட்டை மட்டும் கைக்கு எட்டக்கூடாது, தொண்டையில் சிக்கிவிடும். குளிப்பாட்டும்போது முதலில் பச்சைத்தண்ணீர், பிறகுதான் வெந்நீர். அண்டாப் பக்கம் பிள்ளையைத் தனியே விடாதீர்கள்.

சமையல் கொஞ்சம் தாமதமாகும். ஆகட்டும். அடுத்த மார்கழியில் பிள்ளை அங்கன்வாடிக்குப் போய்விடும். வாசல் வெயிலில் நாம் மட்டும்தான் இருப்போம்.